குளிர்கால உறக்கத்திலிருந்து எழுந்த நில ஆமை: முதலில் தண்ணீரா, வெப்பமா, உணவா?

கேள்வி
பெர்ன்ஹில் வாசி, உதகமண்டலம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஹெர்மன் வகையைச் சேர்ந்த நில ஆமை ஒன்று வளர்கிறது. வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2024ஆம் ஆண்டில் வந்த மத்திய அரசின் விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்துவிட்டோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்த்திகை பிறந்ததும் ஆமை தானாகவே உணவைக் குறைத்துக்கொண்டு, மூலையில் மண்ணைத் தோண்டி ஒடுங்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் இவ்வகை ஆமைகள் குளிர்காலம் முழுவதும் உறங்கும் என்று படித்திருந்ததால், மண்ணும் காய்ந்த சருகும் நிரப்பிய மரப்பெட்டியில் அதை வைத்து, வீட்டின் பின்புறமுள்ள சாமான் அறையில் விட்டுவைத்தோம். தை முடியும் தறுவாயில் பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம் கேட்கவே வெளியே எடுத்தோம். உறங்கப் போகும்போது 910 கிராம் இருந்தது. இப்போது 835 கிராம் இருக்கிறது. கண்கள் சற்று உள்வாங்கியிருக்கின்றன. கழுத்துத் தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. கேரட் துருவல், வெள்ளரிக்காய், லெட்டூஸ் என்று எதை வைத்தாலும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

இங்கே ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். குளுக்கோஸ் கலந்த நீரைச் சொட்டுமருந்துக் குழாயால் வாயில் விடச் சொல்கிறார் ஒருவர். வெயிலில் வைத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். பசித்தால் தானே தின்னும், தொந்தரவு செய்யாதீர்கள் என்பவர்களும் உண்டு. பகலில் நல்ல வெயில் இருந்தாலும் காலையில் அறைக்குள் 13 டிகிரிதான் காட்டுகிறது. பள்ளமான இடங்களில் இன்னும் உறைபனி விழுகிறது. தண்ணீரை எப்படிக் கொடுப்பது, எவ்வளவு வெப்பம் வேண்டும், உணவுக்கு எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். நம் மலையில் ஆமையை இப்படி உறங்க விடுவதே சரிதானா என்றும் அறிய விரும்புகிறேன்.


பதில்
சோலைமகள், கொடைக்கானல்

நண்பருக்கு வணக்கம். கொடைக்கானலில் நெடுங்காலமாக இவ்வகை ஆமைகளோடு பழகியவள் நான். வெப்பமும் தண்ணீரும் ஒரே நாளில் ஒன்றையொன்று தொட்டு வர வேண்டும்; உணவைப் பற்றி அதன்பிறகு கவலைப்படலாம். உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

ஆமையின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. 13 டிகிரி அறையில் கிடக்கும் ஆமையின் உடலும் ஏறக்குறைய 13 டிகிரியில்தான் இருக்கும். அந்த நிலையில் சிறுநீரகமும் குடலும் அரைகுறையாகவே இயங்கும் என்பதால், தண்ணீர் உள்ளே போனாலும் பயன் குறைவு. மாறாக, தண்ணீர் காட்டாமல் விளக்கின் அடியில் மட்டும் வைத்தீர்களானால், ஏற்கெனவே வற்றிய உடல் மேலும் வற்றும். ஆகவே காலையில் முதலில் 25 டிகிரிக்குக் குறையாத இடத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்திருங்கள். கால்களில் அசைவு வந்து, தலையை நன்றாக நீட்டத் தொடங்கியதும் நீரில் விடுங்கள்.

ஆமை ஏற முடியாத அளவு விளிம்புள்ள அகலமான பிளாஸ்டிக் தொட்டி போதும். சமையலறைப் பாத்திரமோ கழுவு தொட்டியோ வேண்டாம், ஏனெனில் ஆமைகளிடம் சால்மொனெல்லா கிருமி இருப்பது வழக்கம். தண்ணீர் 28 முதல் 30 டிகிரி வரை, அதாவது மணிக்கட்டில் ஊற்றினால் இளஞ்சூடாகத் தெரியும் அளவில் இருக்கட்டும். தலையை இயல்பாக வைத்திருக்கும்போது நீர்மட்டம் தாடையைத் தொட வேண்டும். அதற்கு மேல் வேண்டாம், நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. இருபது நிமிடம் முதல் அரை மணி வரை அதில் இருக்கட்டும். நம் ஊர்க் குளிரில் தொட்டி நீர் சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் பக்கத்தில் வெந்நீர்ச் செம்பு ஒன்றை வைத்துக்கொண்டு, ஆமையின் மேல் படாமல் ஓரமாக ஊற்றிக் கலந்துகொண்டே இருங்கள்.

பெரும்பாலும் சில நிமிடங்கள் வெறுமனே நின்றுகொண்டிருக்கும். பிறகு கழுத்தை நீட்டி, முகத்தை மூக்குவரை நீரில் அமிழ்த்தி, அப்படியே அசையாமல் இருக்கும். தொண்டைத் தோல் மட்டும் மெல்ல ஏறி இறங்கும். அதுதான் குடிக்கும் நேரம். அப்போது தொடவோ, நகர்த்தவோ, அருகில் நின்று படம் எடுக்கவோ வேண்டாம்; ஒருமுறை தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் மீண்டும் குடிக்க வைப்பது பெரும்பாடு. குடித்து முடித்ததும் பலவேளைகளில் அங்கேயே சிறுநீர் கழிக்கும். அதனோடு யூரேட் என்னும் வெள்ளைக் கழிவும் வரும். அது பற்பசைபோல் மிருதுவாக இருந்தால் நல்லது. விரலில் தேய்த்துப் பார்க்கும்போது மணல் மணலாக நெருடினால் உடலில் நீர் மிகவும் வற்றியிருக்கிறது என்று பொருள். (கையுறை அணிந்துகொள்ளுங்கள், அல்லது பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.) கழிவு கலந்த நீரை உடனே மாற்றிவிடுங்கள், அது அதையே திரும்பக் குடிக்கும்.

இதை முதல் இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் செய்யுங்கள். பிறகு வாரத்தில் இரண்டு மூன்று முறை போதும். எடையை எப்போதும் குளியலுக்கு முன்பே, ஒரே நேரத்தில் பாருங்கள். குளியலுக்குப் பின் பார்த்தால் குடித்த நீரும் சேர்ந்து காட்டி, தேறிவிட்டது என்று உங்களை ஏமாற்றிவிடும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி; எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒழுங்காக உறங்கும் ஆமை மாதத்திற்கு உடல் எடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் இழக்கும். மூன்று மாத உறக்கத்தில் உங்கள் ஆமை முப்பது கிராமுக்குள் இழந்திருக்க வேண்டும். 75 கிராம் இழந்திருக்கிறது. அதாவது எட்டு விழுக்காட்டுக்கும் மேல். பத்தைத் தொட்டால் ஆபத்து என்று கொள்வது வழக்கம் என்பதால் நீங்கள் எல்லைக்கு அருகில் நிற்கிறீர்கள். அந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

இதற்குக் காரணம் குளிர் மிகுதி என்று நினைத்துவிடாதீர்கள். குளிர் நிலையாக இல்லாததுதான் காரணம். இந்த ஆமைக்கு உறக்க காலம் முழுவதும் 5 டிகிரியை ஒட்டிய வெப்பநிலை வேண்டும். 3க்குக் கீழே போனால் உறைந்துபோகும் அச்சம், 10ஐத் தாண்டினால் விழித்துக்கொள்ளும். மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் பகலில் 20 டிகிரி வரை ஏறி, இரவில் தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் பூஜ்யத்தைத் தொடுகிறது. அந்த ஆமை நாள்தோறும் நண்பகலில் அரைவிழிப்புக்கு வந்து, மாலையில் மறுபடியும் ஒடுங்கி, குடிக்கவும் தின்னவும் வழியில்லாமல் சேமிப்பை மட்டும் செலவழித்துக்கொண்டு கிடந்திருக்கும். நம்மவர்கள் இதை உறக்கம் என்கிறார்கள். உண்மையில் அது பட்டினி.

தோட்டத்து மண்ணில் ஆழமாகப் புதைந்துகொள்ள விட்டிருந்தால் சரியாகியிருக்குமே என்று கேட்பார்கள். அதுவும் உதவாது. மண்ணின் ஆழத்தில் இரவு பகல் வேறுபாடு மறைந்து, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பமே நிலவும். ஊட்டிக்கு அது 14 டிகிரியை ஒட்டியது. இத்தாலியிலோ பால்கன் நாடுகளிலோ குளிர்காலம் தொடர்ந்து வாரக்கணக்கில் நீடிப்பதால் மண்ணும் குளிர்ந்து ஆமையை உறக்கத்தில் பிடித்து வைக்கிறது. நம் மலையோ பூமத்திய ரேகைக்குப் பதினோரு பாகை வடக்கே இருக்கிறது. மார்கழியில்கூடப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. ரோம் நகரில் அதே நாளில் ஒன்பது மணி நேரம்தான். உயரம் குளிரைக் கொடுக்கும், குளிர்காலத்தைக் கொடுக்காது.

ஆகவே அடுத்த ஆண்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விளக்கும் வெப்பமும் கொடுத்து உறங்கவிடாமல் குளிர்காலத்தைக் கடத்துவது எளிய வழி. ஒன்றிரண்டு ஆண்டுகள் உறங்காவிட்டால் ஹெர்மன் ஆமைக்குக் கேடு எதுவும் வந்துவிடாது. உறங்கத்தான் வேண்டுமென்றால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை அதற்கென ஒதுக்கி 5 டிகிரியில் வைப்பதுதான் முறை. ஊட்டியில் ஆமையைத் தூங்க வைக்கக் குளிர்சாதனப் பெட்டியா என்று சிரிப்பு வரலாம். ஆனால் மாறாத குளிர் நம் வீடுகளில் அதற்குள் மட்டும்தான் கிடைக்கிறது. காற்றுக்காக நாள்தோறும் கதவைச் சற்றுத் திறந்து மூட வேண்டும். உள்ளே நீர் நிரப்பிய புட்டிகளை அடுக்கி வைத்தால் மின்தடை வந்தாலும் வெப்பம் சட்டென்று ஏறாது. உறக்கத்துக்கு முன் மூன்று வாரம் உணவை நிறுத்திக் குளியலை மட்டும் தொடர்ந்து குடலைக் காலியாக்க வேண்டும். எடை குறைந்த ஆமையையும் நோயுற்ற ஆமையையும் எக்காரணம் கொண்டும் உறங்க விடக் கூடாது.


பதில்
மலைவாழை, தாண்டிக்குடி

அம்மா எழுதியதைப் படித்த பின் எனக்கும் ஒரு ஐயம். சமவெளியிலிருந்து வந்த உறவினர் ஒருவர், வீட்டுக்கு நல்லது என்று சொல்லி நட்சத்திர ஆமை ஒன்றை எங்களிடம் விட்டுச் சென்றார். குளிர் தொடங்கியதிலிருந்து அது அசையாமல் ஓட்டுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கிறது. குளிர்கால உறக்கம் என்று நினைத்து நாங்களும் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். எழுந்ததும் இதே முறையைப் பின்பற்றலாமா?


பதில்
கால்நடை மருத்துவர், கோயம்புத்தூர்

தாண்டிக்குடி நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவருடையது அவசரம். நட்சத்திர ஆமைக்குக் குளிர்கால உறக்கம் என்பதே கிடையாது. அது வறண்ட புதர்க்காடுகளின் உயிர். உங்கள் வீட்டில் அது உறங்கவில்லை, குளிரில் விறைத்துக் கிடக்கிறது. சாக்கை எடுத்துவிட்டு இன்றே வெதுவெதுப்பான அறைக்கு மாற்றி, படிப்படியாக 28 டிகிரி வரை கொண்டு வந்து, மேலே சொன்னபடி இளஞ்சூட்டு நீரில் விடுங்கள். மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ நுரையீரலில் சளி கட்டியிருக்கக்கூடும்.

அடுத்தது, அதை நீங்கள் வைத்திருக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நட்சத்திர ஆமையைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் வைத்திருப்பதையும் தடை செய்கிறது. 2019இல் அதன் பன்னாட்டு வணிகமும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டு அடைக்கப்பட்டது. பெர்ன்ஹில் நண்பர் குறிப்பிட்ட பதிவு வெளிநாட்டு இனங்களுக்கு உரியது, இதற்குப் பொருந்தாது. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் தெரிவித்து ஒப்படைத்துவிடுங்கள். இரக்கப்பட்டு நீங்களே மலைக்காட்டில் விட்டுவிட வேண்டாம். அந்தக் குளிரில் அது பிழைக்காது. செல்வம் சேரும் என்று நம்பி வாங்குகிறவர்களால்தான் இந்த உயிர் இந்தக் கதிக்கு வந்திருக்கிறது என்பதை உங்கள் உறவினரிடமும் சொல்லுங்கள்.

இனி ஹெர்மன் ஆமை. கொடைக்கானல் அம்மா சொன்ன வரிசை சரியானது. அதன் உடலியல் காரணத்தை மட்டும் சேர்க்கிறேன். நில ஆமை தன் சிறுநீர்ப்பையை நீர்த்தேக்கமாகவே பயன்படுத்துகிறது. குடிக்க வழியில்லாத காலத்தில் அங்கிருந்து நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உறக்கத்தின்போது சிறுநீரகம் ஏறக்குறைய ஓய்ந்துவிடுவதால் யூரியா இரத்தத்தில் தேங்குகிறது. விழித்தெழும்போது கல்லீரலில் சேமித்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலந்து, நடமாடவும் நீர் தேடவும் தெம்பு தருகிறது. அந்தத் தெம்பு நீடிக்கும் குறுகிய காலத்துக்குள் ஆமை குடித்து, தேங்கிய யூரியாவை வெளியேற்றிவிட வேண்டும். வெளியேற்றாவிட்டால் பசியே எடுக்காது. பசி எடுக்காததால் சர்க்கரையும் தீர்ந்துபோகும். பிறகு வெப்பம் கொடுத்தாலும் உணவைத் தொடாது. உறக்கத்துக்குப் பிந்தைய உணவு மறுப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். உங்கள் ஆமை கேரட்டை முகரவில்லை என்றால் கேரட்டின் மேல் குற்றமில்லை, அதற்கு இன்னும் தாகமே தீரவில்லை.

குளுக்கோஸ் நீரையும் தேனையும் வாயில் விட வேண்டாம். விழுங்கும் வலுவில்லாத ஆமைக்குச் சொட்டுக்குழாயால் நீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். எப்படியும் அதன் இரத்தத்தில் இப்போது சர்க்கரைக்குக் குறைவில்லை. தேவையென்று கண்டால் இரைப்பைக் குழாய் வழியாகவோ ஊசி மூலமாகவோ நீர்மம் செலுத்துவது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடு மாடுகளுக்கும் நாய்களுக்கும் ஒட்டுண்ணிக்காக நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஐவர்மெக்டின் மருந்து ஆமைகளுக்கு நஞ்சு. தசைகளை முடக்கிக் கொன்றுவிடும். ஆமைகளைப் பார்த்துப் பழக்கமில்லாத இடத்துக்குச் செல்லும்போது, தயங்காமல் இதை நீங்களே முதலில் நினைவூட்டுங்கள். என் சக மருத்துவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பசிக்காக வைட்டமின் ஏ ஊசி போடும் பழக்கமும் இருக்கிறது. அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகிவிடும்.

உறக்கத்திலிருந்து எழுந்த ஆமையின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் என்பதால், சில வாரங்களுக்கு அது எளிதில் நோய்க்கு ஆட்படும். வாயை மெதுவாகத் திறந்து, நாக்கிலும் ஈறுகளிலும் சிவந்த புள்ளிகளோ, தயிர்த்திரள் படிந்ததுபோன்ற மஞ்சள் பொருளோ இருக்கிறதா என்று பாருங்கள். சாமான் அறையில் உறைபனி இரவுகளைக் கழித்திருப்பதால் கண்ணையும் சோதிக்க வேண்டும். உறைகுளிர் முதலில் தாக்குவது கண்ணின் வில்லையையும் விழித்திரையையும்தான். சிவப்புச் செம்பருத்திப் பூ ஒன்றை முகத்துக்கு முன்னால், காற்று அசையாதபடி இடமும் வலமும் நகர்த்துங்கள். தலை பூவைத் தொடர்ந்தால் நல்லது. தொடராமலும், தலையை ஒரு பக்கம் சாய்த்தபடியோ ஒரே வட்டத்திலோ நடந்தாலும் பார்வை பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் மாதக்கணக்கில் கையால் ஊட்டிப் பராமரிக்க வேண்டிவரும், சில ஆமைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்புவதும் உண்டு.


பதில்
தேயிலைச்சரிவு, குன்னூர்

மருத்துவத்தில் நான் தலையிடவில்லை. மலை வீட்டில் வெப்பத்தையும் ஈரத்தையும் எப்படிச் சேர்த்துக் கொடுப்பது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாசி, பங்குனி மாதங்கள் நமக்கு வெயில் மிகுந்த காலம். ஆனால் காற்று வறண்டிருக்கும். அறைச் சூடேற்றி அந்தக் காற்றை இன்னும் வறட்டிவிடும் என்பதால் அறை முழுவதையும் சூடாக்குவதைவிட, பெரிய மரத்தொட்டி ஒன்றில் ஒரு மூலையை மட்டும் வெப்பமாக வைப்பது நல்லது. அந்த மூலையில் விளக்கின் நேர் கீழே 32 டிகிரியை ஒட்டி இருக்கட்டும், மறுமூலை 20 அளவில் இருக்கட்டும், ஆமை தானே இடம் மாறிக்கொள்ளும். தேங்காய் நார்த்தூளும் மண்ணும் கலந்து நிரப்பி, அடிப்பகுதியில் ஈரம் இருக்கும்படியும் மேற்பரப்பு காய்ந்திருக்கும்படியும் ஓரமாக நீர் ஊற்றி வாருங்கள். மேலே ஈரம் தங்கினால் ஓட்டில் பூஞ்சை பிடிக்கும். இரவில் ஒளியில்லாத செராமிக் வெப்பமூட்டியை வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்து, உடல் தேறும்வரை 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் செலவைப் பார்த்துக் கரியடுப்பை அறைக்குள் வைக்கிறார்கள். மூடிய அறையில் அந்தப் புகை மனிதரையே கொல்லும், ஆமையைச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடி சன்னல் வழியாக விழும் வெயிலை நம்பி ஏமாற வேண்டாம். எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்பதற்குத் தேவையான புறஊதா பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். வெப்பம் மட்டுமே உள்ளே வரும். இப்போது காலை பத்து மணிக்கு மேல் நேரடி வெயிலில், பாதி நிழல் இருக்கும்படி வைத்தால் போதும். இந்த உயரத்தில் கதிர் கடுமையாகவே இருக்கும். ஆனி, ஆடியில் மஞ்சு மூடிய நாள்களுக்குப் புறஊதா விளக்கு கட்டாயம் தேவைப்படும்.

உணவுக்குக் கடைக்குப் போகாதீர்கள். நம் ஊர் முட்டைக்கோஸும் பீட்ரூட் இலையும் எத்தனை முறை மருந்து தெளிக்கப்பட்டு வருகின்றன என்பது வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புல்தரையில் தானாக முளைக்கும் டேன்டலையன், வெள்ளைக் கிளாவர், வேலியோரம் படரும் நஸ்டர்டியத்தின் இலையும் பூவும், செம்பருத்தி, மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மட்டை ஆகியவை நீர்ச்சத்தும் நார்ச்சத்தும் உள்ளவை. இலைகளைக் கழுவி ஈரம் சொட்டச் சொட்ட வையுங்கள். உணவோடு தண்ணீரும் போகும். பழங்கள் இவ்வகைக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றோட்டம் வந்தால் இருக்கும் நீரும் போய்விடும்.

வெளியில் மேயவிடும்போது எச்சரிக்கையாக இருங்கள். ஓடைச் சதுப்பில் வெள்ளையாகப் பூக்கும் ஆரம் லில்லி, பழைய பங்களாத் தோட்டங்களிலிருந்து தப்பிப் பரவியிருக்கும் ஃபாக்ஸ்குளோவ், குழல்போல் தொங்கும் பெரிய ஊமத்தை வகைகள், உண்ணிச்செடி, காட்டுப்பூவரசு எல்லாம் நஞ்சுடையவை. பசியோடு எழுந்த ஆமை முன்பு ஒதுக்கியதையும் கடித்துப் பார்க்கக்கூடும்.


பதில்
பெர்ன்ஹில் வாசி, உதகமண்டலம்

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா சொன்னபடி முதலில் வெப்பம் கொடுத்துப் பிறகு நீரில் விட்டேன். முதல் நாள் வெறுமனே நின்றது. மறுநாள் முகத்தை அமிழ்த்தி வெகுநேரம் குடித்தது, தொண்டை அசைவதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள். சிறுநீரோடு வந்த வெள்ளைக் கழிவு நெருடலாகவே இருந்தது. ஒவ்வொரு குளியலுக்கும் நெருடல் குறைந்து வருகிறது. கண் உள்வாங்கியது இப்போது அவ்வளவாகத் தெரியவில்லை. செம்பருத்திப் பூவை நகர்த்திப் பார்த்ததில் தலை தொடர்ந்து வருகிறது, வாய்க்குள்ளும் சிவப்போ மஞ்சளோ இல்லை. எடை 850 கிராமுக்குச் சற்று மேல் நிற்கிறது.

ஆனால் இன்னும் எதையும் தின்னவில்லை. பூவின் விளிம்பைக் கடித்துவிட்டு விட்டுவிடுகிறது. வாயைத் திறந்து ஊட்டலாமா, அல்லது மலையிறங்கி உங்களிடம் கொண்டு வர வேண்டுமா, ஐயா?


பதில்
கால்நடை மருத்துவர், கோயம்புத்தூர்

குடிக்கிறது, கழிக்கிறது, எடை ஏறுகிறது, பார்வை இருக்கிறது. ஆகவே வலுக்கட்டாயமாக ஊட்ட வேண்டாம். விளிம்பைக் கடிப்பதே பசி திரும்புவதன் அடையாளம்தான். குளியல் முடிந்து விளக்கின் அடியில் உடல் நன்றாகச் சூடேறிய பிறகு, மணமுள்ள பொருளாக, நசுக்கிய நஸ்டர்டியம் இலையையோ செம்பருத்தி மொட்டையோ முகத்தருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வேறு வகை உணவைக் காட்டிக் காட்டி ஒவ்வொரு மணிக்கும் தொந்தரவு செய்வதால் அது ஓட்டுக்குள் ஒடுங்குவதுதான் மிச்சம்.

சரியான வெப்பமும் நாள்தோறும் குளியலும் கொடுத்தும் இன்னும் ஒரு வாரத்தில் உணவு எடுக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். யூரியா, யூரிக் அமிலம், பொட்டாசியம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும், சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரேயும் தேவைப்படும்; நெருடலான யூரேட் நெடுநாள் தங்கினால் கல்லாகக் கட்டுவது உண்டு. அந்த வாரத்துக்குள்ளேயே மூக்கு ஒழுகினாலோ, இமை வீங்கினாலோ, பின்கால்களை இழுத்து நடந்தாலோ, எடை மீண்டும் 835க்குக் கீழே போனாலோ அன்றே புறப்பட்டுவிடுங்கள்.

எங்கள் ஊருக்கு வர இயலாதவர்களுக்கு, வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் காண்பிக்க வாய்ப்பு உண்டு. எங்கே கொண்டு சென்றாலும் அன்று காலைக் குளியலைத் தவறவிட வேண்டாம். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்து, மறுபக்கம் ஆமை விலகிக்கொள்ள இடம் விடுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெக்கை கூடிவிடும் என்பதால் அங்கே புட்டியை எடுத்துவிடலாம். எடைக் குறிப்பேடும், முடிந்தால் அன்றைய யூரேட்டைச் சிறு டப்பாவிலும், பதிவுச் சான்றின் நகலும் கையோடு கொண்டு வாருங்கள்.